தமிழ் ஆய்வேடு: ஒப்புமைச் சோதனை, வெளியூரிலிருந்து இதழ்கள், ஷோத்கங்கா – நூலகத்தில் எதை, எப்போது கேட்பது?

பகுதிநேர_ஆய்வாளர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்த் துறையில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. பணி வேறு மாவட்டத்தில். ஆய்வேடு தமிழில், ஐந்து இயல்கள், சங்க அகப்பாடல்களில் நிலமும் தொழிலும் பற்றியது. முதல் மூன்று இயல்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை; பின்னிரண்டும் யூனிகோடு. அடுத்த பருவத்தில் ஒப்படைக்க வேண்டும். நூலகம் தொடர்பாகச் சில ஐயங்கள்.

ஒப்புமைச் சோதனையில் (ஆய்வேடு பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்ப்பது) முதல் மூன்று இயல்களுக்கும் 0 விழுக்காடு, நான்காம் இயலுக்கு 31 விழுக்காடு என்று வந்திருக்கிறது. இரண்டு எண்ணுமே நம்பும்படி இல்லை. பல்கலைக்கழக வாசலில் உள்ள தட்டச்சகத்தில் "பத்துக்குள் குறைத்துத் தருகிறோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

பல்கலைக்கழகச் சந்தாவில் உள்ள இதழ்களை வீட்டிலிருந்து படிக்க வழி உண்டா? வளாக வைஃபையில் திறக்கும் கட்டுரை, வீட்டில் பணம் கேட்கிறது.

ஆய்வேடு ஏற்கப்பட்ட பிறகு ஷோத்கங்காவுக்கு (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) என்று குறுந்தகட்டில் கோப்புகள் கேட்பார்களாம். எந்த வடிவில் தர வேண்டும்? கேர் பட்டியல் (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல்) போய்விட்டது என்கிறார்கள், இனி எந்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவது?

நூலகர்_காவிரிக்கரை:

வணக்கம். முதலில் அந்த 0 விழுக்காட்டைப் பார்ப்போம். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவசரம்.

பாமினி யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. பாமினியில் "தமிழ்" என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஒப்புமை மென்பொருள் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, கோப்புக்குள் இருக்கும் எழுத்துக் குறிகளை மட்டும் படிக்கிறது. உங்கள் மூன்று இயல்களும் அதற்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கோவையாகவே தெரிந்திருக்கும். அப்படி ஒரு கோவை இணையத்தில் எளிதில் அகப்படாது, அதனால் 0. இந்த அறிக்கையை இணைத்து ஆய்வேட்டை ஒப்படைத்தால் சோதனையே நடக்காத ஆய்வேட்டுக்குச் சான்று வாங்கியதாகத்தான் ஆகும். பின்னாளில் யாராவது கேள்வி எழுப்பினால் உங்களுக்கும் நெறியாளருக்கும் சங்கடம். ஆகவே மூன்று இயல்களையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

31 விழுக்காட்டுக்கும் காரணம் ஊகிக்க முடிகிறது. உங்கள் பொருள் சங்க அகப்பாடல்கள். நான்காம் இயலில் பாடல் அடிகளை மேற்கோள் குறி இல்லாமல், வரியை உள்ளே தள்ளி மட்டும் கொடுத்திருப்பீர்கள். தமிழ் ஆய்வேடுகளில் அதுதான் வழக்கம். மென்பொருள் "மேற்கோளை விலக்கு" என்ற தேர்வில் பெரும்பாலும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இருப்பதைத்தான் விலக்கும். உள்ளே தள்ளிய பாடல் அதற்கு உங்கள் சொந்த உரைநடைதான். சங்க இலக்கிய மூலம் இணையத்தில் பத்து இடங்களில் கிடப்பதால் அத்தனையும் ஒப்புமையாக ஏறிவிடும். ஒவ்வொரு பாடற்பகுதியையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் கொண்டுவாருங்கள், பாடல் எண்ணைக் குறிக்கு வெளியே வையுங்கள். தொடக்கக் குறி வளைந்தும் முடிவுக் குறி நேராகவும் இருந்தால் சில நேரம் மென்பொருள் இணையைக் கண்டுகொள்ளாது. கோப்பு முழுக்க ஒரே வகைக் குறியாக மாற்றிவிடுவது நல்லது.

இன்னொன்று துணைநூற்பட்டியல். மென்பொருள் பெரும்பாலும் ஆங்கிலத் தலைப்புச் சொல்லைப் பார்த்துத்தான் இது நூற்பட்டியல் என்று முடிவு செய்கிறது. "துணைநூற்பட்டியல்" என்ற தலைப்பு அதற்குப் புரியாமல் போனால் நூற்பெயர், பதிப்பகப் பெயர் எல்லாம் ஒப்புமையில் சேரும். எப்படியும் விதிப்படி நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரைப் பக்கங்கள், நன்றியுரை ஆகியவை கணக்கில் வராதவை. சோதனைக்கு என்று தனிக் கோப்பு எடுத்து அவற்றை நீக்கிவிட்டே கொடுங்கள். நீக்கியதை நூலகத்தில் சொல்லிவிடுங்கள்.

கோப்பு வேர்டு வடிவில் இருக்கட்டும், பிடிஎஃப் வேண்டாம். தமிழ் பிடிஎஃபிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது "கொ" என்பது கொம்பு முன்னும் எழுத்து பின்னுமாகச் சிதறிவிடுவது உண்டு. சிதறிய சொல் எதோடும் ஒத்துப்போகாது. 0 விழுக்காடு மறுபடி வேறு வழியாக வந்து நிற்கும்.

தட்டச்சகத்துக்குக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்வது சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடுவது. "முல்லை நிலம்" என்பதைக் "காட்டுப் பூமி" என்று மாற்றிய ஆய்வேடுகள் மேசைக்கு வருகின்றன. கலைச்சொல் போய்விட்டால் ஆய்வே போய்விட்டது. இன்னும் பெரிய ஆபத்து, அவர்கள் ஏதோ ஒரு கணக்கில் உங்கள் கோப்பை ஏற்றிச் சோதிப்பார்கள். அந்தக் கணக்கு கோப்பைக் களஞ்சியத்தில் சேமிக்கும் அமைப்பில் இருந்தால், பிறகு பல்கலைக்கழகம் சோதிக்கும்போது உங்கள் ஆய்வேடு உங்கள் ஆய்வேட்டோடே ஒத்துப்போய் 90, 95 விழுக்காடு காட்டும். அந்தக் கணக்கு யாருடையது என்று தேடிப் பிடித்து நீக்கச் சொல்வது பெரும்பாடு. வரைவுச் சோதனையைப் பல்கலைக்கழக நூலகம் வழியாகச் செய்யும்போதும், "களஞ்சியத்தில் சேமிக்காமல் சோதியுங்கள்" என்று எழுதியே கொடுங்கள்.

2019 முதல் இன்ஃபிலிப்நெட் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் தேசிய மையம்) 'ஷோத்சுத்தி' திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு இந்த மென்பொருளை வழங்குகிறது. முதலில் உர்குண்ட் இருந்தது, இப்போது டிரில்பிட். ஆய்வாளர் தனியாகக் காசு கொடுத்து எங்கும் சோதிக்கத் தேவையே இல்லை. நூலகத்தில் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார், நெறியாளருக்கு அவர் கணக்குத் திறந்து தருவார்.

நெறியாளர்_மதுரை:

நூலகர் சொன்னதோடு விதியையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள் தம்பி. 2018 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ஒழுங்குமுறைதான் அடிப்படை. அதில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திய ஆய்வேடு தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு திருத்திய வடிவம் தர முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. உரிய அனுமதியோ மூலக் குறிப்போ உள்ள மேற்கோள்கள், பொதுச் சொற்கள், சட்டங்கள், வழக்கமான குறியீடுகள், சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேரா. தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரையிலான தற்செயல் ஒப்புமையும் சேராது. மென்பொருளில் இந்தப் பதினான்கு சொல் விலக்கை யாராவது இயக்க வேண்டும். இயக்காமல் எடுத்த அறிக்கையில் "என்பதை நாம் அறிய முடிகிறது" போன்ற தொடர்கள்கூட ஒப்புமையாக நிற்கும்.

ஒரு தவறான எண்ணம் பரவிக் கிடக்கிறது: ஒன்பது விழுக்காடு வந்தால் எல்லாம் சரி என்று. அந்த ஒன்பதும் ஒரே உரையாசிரியரின் விளக்கத்திலிருந்து, பெயர் சொல்லாமல் எடுத்த மூன்று பக்கமாக இருந்தால் அது திருட்டுதான், எண் காப்பாற்றாது. முப்பது விழுக்காடு வந்து அத்தனையும் மேற்கோள் குறிக்குள் வராத பாடலடிகள் என்றால் அதில் குற்றம் ஒன்றுமில்லை, குறி போட்டால் தீர்ந்தது. அறிக்கையின் முதல் பக்க எண்ணோடு நிற்காதீர்கள். வண்ணமிட்ட பகுதி ஒவ்வொன்றையும் நெறியாளரோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு இயலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும் வேலை.

ஆங்கில நூலிலிருந்து மொழிபெயர்த்து எடுத்ததை இந்தக் கருவிகள் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. அதனாலேயே அங்கே கூடுதல் கவனம் வேண்டும். மொழிபெயர்ப்பு உங்களுடையது என்றாலும் கருத்து அவருடையது, அடிக்குறிப்பு கட்டாயம்.

நீங்களே இதழில் வெளியிட்ட கட்டுரை இயலுக்குள் வந்திருந்தால் அதுவும் ஒப்புமையாகக் காட்டும். கட்டுரையின் முதல் பக்க நகலையும், இது இந்த ஆய்வாளரின் சொந்தக் கட்டுரை என்ற நெறியாளர் சான்றையும் சேர்த்துக் கொடுத்து அந்த மூலத்தை மட்டும் விலக்கக் கேட்கலாம். இயலிலும் "இப்பகுதி முன்பு இன்ன இதழில் வெளிவந்தது" என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

கேர் பட்டியல் பற்றி: 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டதாக மானியக் குழு அறிவித்தது. இனி இதழைத் தேர்வது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறையிலேயே, ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற தேசிய அளவிலான கட்டாயம் நீங்கிவிட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டின் விதிமுறை நூலை ஆய்வுப் பிரிவில் வாங்கிப் பாருங்கள். இதழைப் பொறுத்தவரை நூலகரிடம் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் (ஒவ்வோர் இதழுக்கும் உரிய தனி அடையாள எண்) கொடுத்தால் அந்த எண் அதே பெயருக்கு உரியதா என்று ஐஎஸ்எஸ்என் தளத்தில் பார்த்துச் சொல்வார். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே வைத்துப் போலித் தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அதனால் தேடுபொறியில் வரும் இணைப்பை நம்பாமல், பழைய அச்சிதழின் உள்ளட்டையில் இருக்கும் முகவரியோடு ஒப்பிடுங்கள். மூன்று நாளில் ஏற்புக் கடிதம், உடனே பணம் கட்டச் சொல்லும் குறுஞ்செய்தி: இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

மின்வளம்_கோவை:

வீட்டிலிருந்து படிப்பது பற்றி நான் சொல்கிறேன். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் உங்கள் நிறுவனம் வரும். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ், சேஜ், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் உள்ளே. தெற்காசிய வரலாறு, மானிடவியல், இலக்கியம் தொடர்பான ஆங்கில இதழ்கள் பலவும் கடைசி நான்கில் கிடைக்கும், தமிழ்த்துறைக்கு இதில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

வளாக வைஃபையில் திறப்பதற்குக் காரணம், பதிப்பகம் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரியை அடையாளம் காண்கிறது. வீட்டில் அந்த முகவரி இல்லை. அதற்கு மாற்றாக இன்ஃபிலிப்நெட் 'இன்ஃபெட்' என்ற பொது நுழைவை வைத்திருக்கிறது. செய்ய வேண்டியது இதுதான்:

நூலகத்தின் மின்வளப் பிரிவுக்கு, பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதுங்கள். பெயர், துறை, பதிவு எண், பகுதிநேரம், பதிவு முடியும் ஆண்டு, நெறியாளர் பெயர், அடையாள அட்டை நகல். "இன்ஃபெட் கணக்கு வேண்டும்" என்று மின்னஞ்சலின் பொருள் வரியில் போடுங்கள். "இணைய வசதி வேண்டும்" என்று எழுதினால் கணினிப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்த பிறகு, பதிப்பகத் தளத்தில் கட்டுரைப் பக்கத்தைத் திறந்து, பணம் கட்டும் பொத்தானைத் தவிர்த்து, நிறுவனம் வழியாக நுழையும் இணைப்பைத் தேடுங்கள். சில தளங்களில் நேராகப் பல்கலைக்கழகப் பெயரைத் தட்டலாம். சிலவற்றில் முதலில் கூட்டமைப்புப் பட்டியலில் இன்ஃபெட்டைத் தேர்ந்தால்தான் பெயரே வரும். அதன்பின் உங்கள் நுழைவுப் பக்கத்துக்கு அழைத்துப் போய், கடவுச்சொல் சரியானதும் கட்டுரைக்கே திருப்பிவிடும்.

எங்கே சிக்கும் என்றால், பெரும்பாலும் பெயரில்தான். பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் முழுப்பெயரில் இருக்கும். நீங்கள் வழக்குப் பெயரைத் தட்டினால் வராது. ஊர்ப் பெயரை மட்டும் தட்டிப் பாருங்கள். அடுத்து, உலாவியில் குக்கிகளை முழுவதும் தடுத்திருந்தால் நுழைவுப் பக்கமும் கட்டுரைப் பக்கமும் மாறி மாறிச் சுற்றும். அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பணம் கேட்டால், அது திட்டத்தில் இல்லாத இதழாகவோ நூலின் ஓர் இயலாகவோ இருக்கும். இது இதழ்களுக்கான சந்தா, மின்னூல்களுக்கு அல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒரே மூச்சில் ஓர் இதழின் எல்லாத் தொகுதிகளையும் தரவிறக்காதீர்கள். பதிப்பகம் அதைத் தானியங்கி என்று எண்ணிப் பல்கலைக்கழகம் முழுவதற்குமான அணுக்கத்தையே நிறுத்தி வைக்கும். தேர்வு நேரத்தில் அப்படி ஆனால் எத்தனை பேர் தவிப்பார்கள் என்று யோசியுங்கள். கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுப்பதிலும் இதே ஆபத்து.

சுயநிதிக்_கல்லூரி_உதவிப்பேராசிரியர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சுயநிதிக் கல்லூரிகள் அந்தத் திட்டத்தின் இப்போதைய கட்டத்தில் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி?

மின்வளம்_கோவை:

சார், நீங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகவோ நெறியாளராகவோ பதிவு பெற்றவர் என்றால் அந்தப் பதிவைக் காட்டிப் பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். கல்லூரி வழியாகக் கேட்டால் மறுப்பார்கள், ஆய்வுப் பதிவு வழியாகக் கேட்டால் பரிசீலிப்பார்கள். அதற்கு வழியில்லை என்றால்:

உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டுரைப் பக்கத்தில் பச்சைப் பூட்டு தெரிந்தால் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் ஒரு பிரதி எங்கோ இருக்கிறது என்று பொருள். கூகுள் ஸ்காலரில் தலைப்பின் கீழ் "எல்லாப் பதிப்புகளும்" என்ற இணைப்பைத் திறந்தால் ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்ட வரைவு பல நேரம் கிடைக்கும். ஜேஸ்டோர் என்ற இதழ்க் களஞ்சியத்தில் தனிநபர் கணக்கு இலவசம். 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், தரவிறக்க முடியாது. உங்கள் கல்லூரி டெல்நெட் என்ற நூலக வலையமைப்பில் உறுப்பினர் என்றால் பிற நூலகங்களிலிருந்து நூல் இரவலும் கட்டுரை நகலும் கேட்கலாம். கேட்கும்போது ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, இதழ் எண், ஆண்டு, பக்கம் ஏழும் இருக்கட்டும். பக்க எண் இல்லாத கோரிக்கைதான் அதிகம் திரும்பி வருகிறது.

பழைய தமிழ் நூலுக்கும் இதழுக்கும் வேறு வாசல்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலில். அடுத்து சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அட்டவணையை இணையத்தில் பார்த்துவிட்டு, அழைப்பெண்ணைக் குறித்துக்கொண்டு, முன்கூட்டியே எழுதிவிட்டுப் போங்கள். ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கு இணை இல்லை. சுவடி என்றால் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். எங்கே போனாலும் ஒரே நூலை "தேடு" பெட்டியில் இரண்டு மூன்று வடிவில் தட்டுங்கள். முதலெழுத்து முன்னே, பின்னே, புள்ளி வைத்து, புள்ளி இல்லாமல், சந்தி சேர்த்து, பிரித்து என்று அட்டவணையில் எப்படியும் ஏறியிருக்கும்.

பகுதிநேர_ஆய்வாளர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மேற்கோள் குறி விஷயம் அப்படியே என் இயல்தான். இன்ஃபெட் கணக்குக்கு எழுதிவிட்டேன். பாமினி இயலை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். தமிழ் வந்துவிட்டது, ஆனால் இடையிடையே இருந்த ஆங்கில நூற்பெயர்கள் எல்லாம் பொருளில்லாத தமிழாகிவிட்டன. அடிக்குறிப்புகளையும் காணோம். சரிசெய்ய வழி உண்டா?

எழுத்துரு_ஆர்வலர்:

உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். மாற்றி தனக்கு வரும் ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் பாமினி என்றே எடுத்துக்கொள்கிறது. சதுர அடைப்புக் குறிகள்கூட ஜ, ஸ என்று ஆகியிருக்கும், பாருங்கள். மூலக் கோப்பின் நகலை எடுத்து, மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

வேர்டின் மேம்பட்ட தேடலில் எழுத்துரு வாரியாகத் தேட முடியும். பாமினி அல்லாத எழுத்துருவில், பெரும்பாலும் டைம்ஸ் நியூ ரோமனில், இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் 90001, 90002 என்று ஐந்திலக்க எண் போடுங்கள். எண்ணையும் சொல்லையும் தனித் தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாமினியில் எண்கள் எண்களாகவே இருப்பதால் மாற்றி அவற்றைத் தொடாது. மாற்றி முடித்ததும் எண்ணைத் தேடிச் சொல்லைத் திரும்ப வையுங்கள். 1835 போன்ற ஆண்டுகளோடு குழம்பாமல் இருக்கத்தான் ஐந்திலக்கம்.

அடிக்குறிப்பு காணாமல் போனதற்குக் காரணம், முழுப் பக்கத்தையும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டும்போது வெறும் எழுத்து மட்டுமே போகிறது, அடிக்குறிப்பின் கட்டமைப்பு போவதில்லை. பத்தி பத்தியாக, அடிக்குறிப்பு எண்ணைத் தொடாமல் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதியை மட்டும் எடுத்து மாற்றி, அதே இடத்தில் ஒட்டுங்கள். அடிக்குறிப்புகளை அவற்றின் பெட்டிக்குள்ளேயே தனித்தனியாக மாற்றுங்கள். என்எச்எம் மாற்றி இதற்குப் போதும், இலவசம்தான்.

மாற்றிய பிறகு கட்டாயம் பார்க்க வேண்டிய பிழை ஒன்று இருக்கிறது. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் "ள"வுக்கும் ஒரே விசை. ஆகவே மாற்றியிலிருந்து "பௌத்தம்" என்பது கொம்பும் "ள"வும் கொண்ட "பெளத்தம்" ஆக வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு சொல். பின்னால் ஷோத்கங்காவில் யாராவது "பௌத்தம்" என்று தேடினால் உங்கள் ஆய்வேடு அகப்படாது. ஒட்டுமொத்தமாக மாற்றவும் கூடாது: "தெளிவு", "வெள்ளம்", "கெளிறு" எல்லாம் உண்மையான "ள". "பெளத்", "மெளன", "கெளர", "செளந்" என்று வேர்களாகத் தேடி மாற்றுங்கள். பின்னிரண்டு இயல்கள் யூனிகோடில் தட்டியவை என்றாலும் அவற்றிலும் இதே தேடலை ஓட்டுங்கள்; தட்டச்சர்கள் பழக்கத்தில் "ள" அடித்துவிடுகிறார்கள்.

ஐந்து இயலுக்கும் ஒரே யூனிகோடு எழுத்துருவைப் போட்டு முடியுங்கள். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றாயிற்று. இனி எந்தப் புதுப் பக்கத்தையும் பழைய எழுத்துருவில் தொடங்காதீர்கள்.

நூலகர்_காவிரிக்கரை:

மேலே சொன்னது அத்தனையும் ஷோத்கங்காவுக்கும் உதவும். பட்டம் வழங்கிய ஒரு மாதத்துக்குள் பல்கலைக்கழகம் ஆய்வேட்டின் மென்நகலை இன்ஃபிலிப்நெட்டுக்குத் தர வேண்டும் என்பது அந்த 2018 ஒழுங்குமுறையில் உள்ளது. ஏற்றுவது நூலகத்தின் வேலை, சரியான கோப்புகளைத் தருவது உங்கள் வேலை.

முழு ஆய்வேட்டையும் ஒரே கோப்பாகத் தராதீர்கள். 01_டைட்டில், 02_பிரிலிம் பேஜஸ், 03_கன்டென்ட், 04_அப்ஸ்ட்ராக்ட், 05_சாப்டர் 1 என்று இயல்வாரியாகப் போய், பின்னிணைப்புகள், கடைசியில் 80_ரெகமண்டேஷன். பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும். அந்த 80ஆம் எண் கோப்பு என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள்: தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்த ஒரு பிடிஎஃப், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டால் குறுந்தகடு திரும்பி வரும்.

அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, முழுவதையும் ஸ்கேன் செய்து தருபவர்கள் அதிகம். அது வெறும் படம், அதில் ஒரு சொல்லையும் தேட முடியாது. கையெழுத்துள்ள சான்றிதழ்ப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள், இயல்களை வேர்டிலிருந்தே பிடிஎஃபாகச் சேமியுங்கள். சேமித்த பின் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் வேறு வழியில், லிப்ரே ஆஃபிசில் திறந்தோ வேறொரு எழுத்துருவிலோ, பிடிஎஃப் எடுத்து மறுபடி சோதியுங்கள். எதில் சேதம் குறைவோ அதைக் கொடுங்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டாதீர்கள். வாய்மொழித் தேர்வில் சொன்ன திருத்தங்கள் சேர்ந்த இறுதி வடிவம்தானா என்று இருமுறை பாருங்கள். ஒப்படைத்த பழைய வடிவமே ஏறிவிட்டால் பிறகு மாற்றக் கடிதப் போக்குவரத்து நீளும்.

ஆய்வேட்டை நூலாக்கும் எண்ணம் இருந்தால், குறிப்பிட்ட காலம் முழு உரையைத் திறக்காமல் வைக்க முடியுமா என்று ஏற்றுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஏறிய பிறகு கேட்பதில் பயன் குறைவு. என் கருத்தைக் கேட்டால், திறந்தே இருக்கட்டும். தமிழ் ஆய்வேடுகள் அலமாரியில் கிடந்து யாரும் படிக்காமல் அதே தலைப்பில் அடுத்தவர் மறுபடி பதிவு செய்வதை அது ஒன்றுதான் தடுக்கிறது.

குறுந்தகட்டோடு ஒரு பக்கத் தாளும் வையுங்கள்: தலைப்பு தமிழிலும் ஆங்கில எழுத்துப் பெயர்ப்பிலும் ஆங்கில மொழிபெயர்ப்பிலும், உங்கள் பெயர், நெறியாளர் பெயர், துறை, பதிவு ஆண்டு, பட்டம் அறிவித்த நாள், ஐந்தாறு குறிச்சொற்கள். இல்லாவிட்டால் ஏற்றுபவர் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத் தனக்குத் தோன்றியபடி எழுத்துப்பெயர்ப்பார். பெயரில் முதலெழுத்தை முன்னே போடுவதா பின்னே போடுவதா என்பதை இப்போதே முடிவு செய்து, ஆய்வாளருக்கான ஆர்சிட் அடையாள எண் எடுக்கும்போதும், ஆய்வாளர் விவரங்களுக்கான வித்வான் தளத்தில் விவரம் ஏற்றும்போதும், கட்டுரைகளிலும் அதையே வையுங்கள். ஒருவரே மூன்று பேராகப் பிரிந்து கிடப்பதை இணைப்பது நூலகத்தில் எங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும் வேலை.

பகுதிநேர_ஆய்வாளர்:

ஐயா, கடைசியாக ஒன்று. ஜோட்டெரோ என்ற நூற்பட்டியல் மென்பொருளில் தமிழ்ப் பெயர்கள் துணைநூற்பட்டியலில் தலைகீழாக வருகின்றன. முதலெழுத்து பின்னே போய், காற்புள்ளியும் சேர்ந்துவிடுகிறது.

நூலகர்_காவிரிக்கரை:

ஆசிரியர் பெயர்ப் பெட்டியின் ஓரத்தில் சிறு குறியீடு இருக்கும், அதை அழுத்தினால் குடும்பப்பெயர், இயற்பெயர் என்ற இரண்டு பெட்டிகள் ஒன்றாகும். தமிழ்ப் பெயர்களை அந்த ஒற்றைப் பெட்டியில் முழுவதுமாகத் தட்டுங்கள், தட்டியபடியே அச்சாகும். அகரவரிசை இயற்பெயரில் வர வேண்டும் என்று உங்கள் துறை கேட்டால் "அருணாசலம், மு." என்று நீங்களே அதே பெட்டியில் இட வேண்டியதுதான். இலவசக் கணக்கில் கோப்புகளுக்கு 300 எம்பி இடம்தான். பிடிஎஃப்களைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, விவரங்களை மட்டும் ஒத்திசைக்கும்படி அமைத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை மின்வளப் பிரிவில் கூட்டம் குறைவாக இருக்கும் நூலகங்கள் உண்டு. மாற்றிய மூன்று இயல்களையும் எடுத்துக்கொண்டு நேரில் போக முடிந்தால், சோதனை அமைப்பில் மேற்கோள் விலக்கு, நூற்பட்டியல் விலக்கு, பதினான்கு சொல் விலக்கு, சேமிக்காத நிலை நான்கும் சரியாக இருக்கின்றனவா என்று திரையைப் பார்த்தே உறுதிசெய்துகொள்ளலாம்.